புடவைக்கு ஒரு மகமை

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இரண்டு வரிசை முழுக்க ஒரே குடும்பம். ஆவணியில் கல்யாணம், ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தப் புடவை எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள். காஞ்சிபுரம் போகாமல் ஏன் ஆரணி என்று பெண்ணின் அத்தையிடம் கேட்டேன். "அங்க கடை வாடகைக்கும் ஏசிக்கும் சேர்த்து நாமதானே குடுக்கணும். இங்கன்னா தறிக்குப் பக்கத்துலயே எடுக்கறோம்" என்றார். ஒரு கடைத்தெருவின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆரணியின் பலம் தறி பக்கத்தில் இருப்பது. அந்தப் பலத்தை வாங்குபவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் கடைத்தெரு எப்படி இருக்கிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் ரயில் கிடையாது. விழுப்புரம் காட்பாடி பாதையில் 'ஆரணி ரோடு' என்று பெயர் தாங்கிய நிலையம் இருப்பது களம்பூரில். ஆகவே ஆரணிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் பேருந்தோ வேனோதான் கொண்டுவந்து இறக்குகிறது. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்குப் பழைய கதைகள் நிறைய. மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்டது, 1751-இல் கிளைவ் இங்கே சண்டையிட்டது, 1782-இல் ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது, தசரதன் புத்திரகாமேட்டி யாகம் செய்த இடம் என்று சொல்லும் கோயில். அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். எனக்குக் கடைத்தெருவான காந்தி ரோடும் மார்க்கெட் ரோடும் போதும்.

2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 63,671. ஆனால் முகூர்த்த மாதங்களில் கடைத்தெருவில் நிற்பவர்கள் இந்தக் கணக்குக்குள் அடங்குகிறவர்கள் அல்ல. வேலூர், திருவண்ணாமலை, செய்யாறு, சென்னை என்று எங்கிருந்தோ வந்தவர்கள் அவர்கள். பட்டோடு அரிசியும் ஊரின் அடையாளம் என்பதால், மண்டிக்குப் போகும் மூட்டை லாரிகளும் அதே வட்டாரத்தில்தான் சுற்றுகின்றன. ஒரு சிறு நகராட்சி தன் துப்புரவுப் பணியாளர்களை எல்லா வார்டுகளுக்கும் பிரித்துத்தான் அனுப்ப முடியும். வரி கட்டும் ஒவ்வொரு தெருவுக்கும் அதில் உரிமை உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் அரை கிலோமீட்டர் தெருவுக்கு மட்டும் மூன்று மடங்கு கவனம் வேண்டுமென்றால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? இந்தியாவின் சிறு நகரங்கள் எல்லாவற்றின் நடுத்தெருவும் மாட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரே கேள்வியில்தான்.

பேருந்தில் பார்த்த குடும்பத்தைப் போன்ற ஒன்று ஆரணியில் செலவிடும் பகலை எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அதில் பாதிக்கு மேல் பெண்கள், இரண்டு கைக்குழந்தைகள், முட்டி வலியோடு ஒரு பாட்டி. முகூர்த்தப் புடவை எடுப்பது அரை மணி வேலை அல்ல. முதல் கடையில் பார்ப்பது, இரண்டாவது கடையில் விலை கேட்பது, மூன்றாவது கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்வது, பிறகு முதல் கடைக்கே திரும்புவது. நாலைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் வேனை எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். வெயிலில் கடைக்குக் கடை நடக்க நிழல் வேண்டும். எல்லாவற்றையும் விட, பெண்கள் முகம் சுளிக்காமல் போய்வரக்கூடிய ஒரு கழிப்பறை வேண்டும். பட்டுக்கடைத் தெருவின் வியாபாரத்தை முடிவுசெய்வது விளம்பரப் பலகை அல்ல, இந்தக் கழிப்பறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது இல்லாத ஊரில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் புடவை பார்க்கிறார்கள். அவசரமாக முடிவெடுக்கிறார்கள், இல்லையென்றால் எடுக்காமலே திரும்புகிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கு, தனக்கென்று கழிப்பறையும் கார் நிறுத்தமும் வைத்திருக்கும் பெருநகரத்து மாடிக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்று தலைமுறையாகப் பட்டு விற்கும் ஒரு கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். வாடிக்கையாளர்கள் கேட்டால் பின்கட்டில் இருக்கும் தன் வீட்டுக்கே அனுப்பிவிடுவாராம். "என் கடைக்கு வந்தவங்களுக்கு நான் செய்யறேன். தெருவுக்கு யார் செய்யறது?" என்றார். சங்கம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, சந்தாவும் உண்டு. ஆனால் விளக்குப் போட வேண்டும், கேமரா மாட்ட வேண்டும், மழைக்கு முன் கால்வாய் அள்ள வேண்டும் என்று வசூலுக்குக் கிளம்பினால் பத்தில் ஆறு பேர் கொடுப்பார்கள். மீதி நாலு பேர், நீங்கள் போட்டால் எங்கள் கடை முன்னாலும் வெளிச்சம் விழத்தானே போகிறது என்று இருந்துவிடுவார்கள். அடுத்த முறை அந்த ஆறும் நாலாகும். கேமரா மாட்டிய வருஷம் எல்லாம் ஓடியது. பழுதானபோது சரிபார்க்கப் பணம் இல்லை. இதை அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, தெரு என்றால் இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டவராகச் சொன்னார். எனக்குத்தான் அதை அப்படி ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் இதே சிக்கலில் இருந்த ஒரு தெரு அதிலிருந்து வெளியே வந்த கதை உலகத்துக்குத் தெரியும். கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்றொரு கடைத்தெரு. அறுபதுகளில் தெருவை ஒட்டிச் சுரங்க ரயில் வந்தது. டிராமில் போகும்போது கடைகளைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் தரைக்குக் கீழே போய்விட்டார்கள். புறநகரில் பெரிய வணிக வளாகங்கள் வேறு எழுந்தன. கடைக்காரர்களின் சங்கம் வசூலுக்குப் போனது. அங்கேயும் சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. அப்போது அவர்கள் நகர நிர்வாகத்திடம் கேட்டது பணம் அல்ல. 'எங்கள் தெருவுக்கு எல்லை வரையுங்கள், அதற்குள் தொழில் செய்யும் எல்லோரிடமும் ஒரு கூடுதல் தொகையை வரியோடு சேர்த்து வசூலியுங்கள், வசூலானதை அப்படியே எங்களிடம் திருப்பிக் கொடுங்கள், எங்கள் தெருவுக்கு நாங்களே செலவிடுகிறோம்' என்று கேட்டார்கள். 1970-இல் அதற்கு வழி பிறந்தது. விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, பண்டிகைக் கால அலங்காரம் என்று ஆரம்பித்தது. வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய இந்த ஏற்பாடு, இன்று டொராண்டோவில் மட்டும் எண்பதுக்கு மேல் இருக்கிறது. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன் என்று பரவிவிட்டது. பிரிட்டனில் 2003-இல் இதற்குச் சட்டம் வந்தது. வட்டாரத்தில் உள்ள கடைக்காரர்கள் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மை வேண்டும், அவர்கள் கட்டடங்களின் மதிப்புக் கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய கடைகள் சிறியவர்களை அழுத்தவும் முடியாது, சிறியவர்கள் கூடிப் பெரியவர்கள் தலையில் சுமத்தவும் முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் நீடிக்க வேண்டுமென்றால் மறுபடியும் வாக்குக் கேட்க வேண்டும்.

அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தெரு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பணம் கட்டியவர்கள், பளிச்சென்று இல்லாத மனிதர்களை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். வீடற்றவர்களையும் நடைபாதை வியாபாரிகளையும் காவலாளிகளை வைத்து விரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு நியூயார்க்கிலிருந்து கேப்டவுன் வரை உண்டு. பணம் கட்டியவருக்கே வாக்கு என்ற விதி இருக்கும் இடத்தில், கட்ட முடியாதவருக்குத் தெருவில் இடம் இருக்குமா என்ற கேள்வி கூடவே வரும். ஆரணியில் பட்டுக்கடை வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கும், கரும்புச்சாறு வண்டிக்காரருக்கும் அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

கடைக்காரர் டொராண்டோ கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது மகமைதானே?" என்றார்.

அதேதான். வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரி மகமை. தென்மாவட்டங்களில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பேட்டைகளில் நாடார் வணிகர்கள் வாங்கும் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று எடுத்துவைத்து, அதைக் கொண்டு கோயிலும் கிணறும் சத்திரமும் பள்ளியும் கட்டினார்கள். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்திய பள்ளி அது. காமராஜர் படித்த பள்ளி. இன்னும் பின்னால் போனால் சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலைக் கோயிலில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினரின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. உப்பு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பஞ்சு, நூல், புடவை, பட்டு, சந்தனம், குதிரை, யானை என்று சந்தைக்கு வரும் சரக்குகளை அது வரிசையாகச் சொல்கிறது. கோயில் திருப்பணிக்காக, ஒவ்வொன்றுக்கும் பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வணிகர்களே தீர்மானித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எந்த அரசனும் அவர்களைக் கேட்கவில்லை.

டொராண்டோ ஏற்பாட்டுக்கும் மகமைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆரணிக்கு அதுதான் வழிகாட்டும் என்று எனக்குப் படுகிறது. மேல்நாட்டு ஏற்பாடு கட்டடத்தின் மேல் வரி போடுகிறது. நம்முடைய மகமை சரக்கின் மேல் விழுகிறது. கட்டடத்தைக் கணக்கில் எடுத்தால் கடைத்தெருவில் இடம் வைத்திருப்பவர்கள் மட்டுமே பங்காளிகள் ஆவார்கள். சரக்கைக் கணக்கில் எடுத்தால், அந்தச் சரக்கைச் செய்தவரும் பங்காளி ஆகிவிடுவார். ஆரணிக் கடைத்தெருவுக்கு மதிப்பைத் தருகிற மனிதர்கள் கடைத்தெருவில் இல்லை. சேவூரிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் தறிக்குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் விடிகாலையில் ஒண்ணுபுரத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தெருவின் ஒரு முனையில் சைக்கிள் ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள், வண்டிகள் உள்ளே வராமல் இருக்க. தெருவின் நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவு விரிந்து, இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. இருபுறமும் ஆட்கள். ஒருவர் கஞ்சி தெளித்துக்கொண்டு போக, பின்னால் இருவர் இழைகளைத் தடவி ஒட்டாமல் பிரித்துக்கொண்டு வந்தார்கள். அறுந்த இழையைக் கண்டால் அங்கேயே நின்று முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பாவு ஒரு வீட்டுக்காரருடையது, கை கொடுத்தவர்கள் நாலு வீட்டுக்காரர்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் பாவு விரித்தால் இவர் போய் நிற்பார். தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மண் கிளம்பினால் பட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். பொது இடத்தைக் கூடிப் பராமரிக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு இந்தத் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

பாவுக்காரர் என்னைத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போனார். அறுபதைத் தாண்டியவர். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது, மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் அட்டைச் சரம். பக்கத்துத் தறியில் அவர் மனைவி பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். முடிந்துபோன பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் இணைத்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திருகு. அடுத்த இழை. ஆயிரக்கணக்கான இழைகள். என்னோடு பேசியபடியே, கண்ணைத் தூக்காமல் செய்துகொண்டிருந்தார். நான் ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு விரல் அகலம்தான் நகர்ந்திருந்தது.

"கடைத்தெரு நல்லா இருந்தா எங்களுக்கு என்ன தம்பி வரப்போவுது?" என்று அவர் கேட்டார். "புடவை அறுத்துக் குடுத்தா கூலி. அது எந்தத் தெருவுல வித்தா என்ன?"

நியாயமான கேள்வி. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, கூலி மட்டும் இவருக்கு. இந்த வட்டாரத்துத் தறிகளில் இறங்கும் புடவைகளில் கணிசமானவை வெளியூர்க் கடைகளுக்குப் போய் வேறு ஊர்ப் பெயரில் விற்பனையாகின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2008-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குகிறவர் ஆரணிக்கே வந்து, ஆரணியிலேயே எடுத்தால்தான் பெயருக்கு விலை ஏறும். கடைத்தெரு வெறிச்சோடினால், ஆரணிப் பட்டு என்று கேட்க ஆளே இருக்காது. வெளியூர் வியாபாரி சொல்வதுதான் கூலி என்று ஆகிவிடும். நான் இப்படிச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை, வேறொன்றைச் சொன்னார். "அந்தத் தெருவுலயே விசைத்தறிப் புடவையும் கைத்தறின்னு போவுதே. அதை யாராச்சும் தடுத்தா, நான்கூட மகமை குடுப்பேன்."

ஜரிகைப் பட்டுப்புடவையைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-இல் வந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனாலும் வாங்க வந்தவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பட்டு அசலா என்று சொல்ல மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று இழையைச் சேதப்படுத்தாமல் நிமிடங்களில் சொல்லும் எக்ஸ்ரே கருவிகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கருவியும், கைத்தறிப் புடவையை அடையாளம் காணத் தெரிந்த அனுபவசாலி நெசவாளர் ஒருவரும் கடைத்தெருவின் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! எந்தக் கடையில் எடுத்த புடவையானாலும் இலவசமாகச் சோதித்துத் தரலாம். தனிக் கடைக்காரர் ஒருவர் இதைச் செய்தால் தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்கிறார் என்பார்கள். தெரு சேர்ந்து செய்தால் நம்புவார்கள். பூந்தொட்டியை விட ஆரணிக்கு இதுதான் வேண்டும். கழிப்பறையும் சோதனை மேசையும் என் கணக்கில் முதல் இரண்டு செலவுகள்.

அரசுப் பணம் வராதா என்று கேட்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 1997-இல் வந்து, 2021-இல் மறுபடி உயிர்பெற்ற நல்ல திட்டம். அதில் கழிப்பறையைக் கட்டிவிடலாம். சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகம் போல, பெரிய பணம் வந்தால் தெருவையே மாற்றியும் விடலாம். கட்டுவது ஒருமுறைச் செலவு. கழுவுவது தினச் செலவு. நம் ஊர்களில் திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு வருஷத்தில் பூட்டுத் தொங்கும் கட்டடங்கள் எத்தனை! மாதாமாதம் நின்றுபோகாமல் வரும் சிறு தொகைதான் பூட்டைத் திறந்துவைக்கும். அந்தச் சிறு தொகைக்கு இன்றைக்கு நம் மாநிலத்தில் சட்ட வழி இல்லை. வசூலைக் கட்டாயமாக்க நகராட்சிக்கு அதிகாரம் தரும் சட்டம் வரும்வரை மகமை போல மனமொத்துத்தான் நடத்த வேண்டும்.

பூக்கார அம்மாவுக்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2014-இன் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். தெருவுக்கு ஓர் அமைப்பு உருவானால் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் அதில் உட்கார்ந்தாக வேண்டும், பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தும் அப்படியே. இந்த நாற்காலிகள் இல்லாமல் ஆரணியில் ஒரு தெரு அமைப்பு வருமானால் நான் அதை ஆதரிக்க மாட்டேன்.

அன்று மாலை கடைக்காரரிடம் நெசவாளர் சொன்னதைச் சொன்னேன். விசைத்தறி பற்றிய பேச்சில் முதலில் கொஞ்சம் முகம் இறுகியது. பிறகு, "அவர் சொல்றது சரிதான். நேர்மையா விக்கறவனுக்குத்தான் அதுல நஷ்டம்" என்றார். பில் புத்தகத்தை இழுத்து, பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட ஆரம்பித்தார். புடவைக்கு இருபது ரூபாய் என்றால் வாங்குகிறவர் கேள்வி கேட்க மாட்டார், பில்லிலேயே மகமை என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். அரிசி மண்டிக்காரர்களையும் மூட்டைக்கு இவ்வளவு என்று சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் லாரியும் இதே தெருவைத்தானே தேய்க்கிறது என்றார்.

"கணக்கை யார் வச்சுக்கறது?" என்று கேட்டேன்.

"அதுலதான் சார் எல்லாம் உடையும்" என்று பேனாவை மூடினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தா காலத்துல கோயில் வசூலை எல்லார் முன்னாலயும் நின்னு படிப்பாங்க. அந்த மாதிரி வரவு செலவை மாசம் ஒருக்கா போர்டுல எழுதித் தெருமுனையில வச்சுடணும். சாவி கடைக்காரங்ககிட்ட ஒண்ணு, தறிக்காரங்ககிட்ட ஒண்ணு. ரெண்டு சாவி போட்டாத்தான் பெட்டி திறக்கணும்" என்றார். அதற்குள் ஒரு குடும்பம் படியேறிவிட்டது. அவர் எழுந்து பாய் விரிக்கச் சொன்னார்.